ஒரு கம்பியில் நாலு பேச்சு

அதிகாலை நாலே கால். கழித்தல் இருபத்தாறு.
எஸ்டோனியக் கரையில் கடல்
பாதி உறைந்துவிட்டது, மீதி யோசிக்கிறது.
தீவுக்குப் போகும் பனிச்சாலையின் தொடக்கத்தில் ஒரு கம்பம்,
கம்பத்தில் தகரப் பெட்டி,
பெட்டிக்குள் தீப்பெட்டியைவிடச் சின்ன மோடம்.
இரண்டு மணி நேரமாக அதனிடமிருந்து பேச்சில்லை.

கையுறையைப் பல்லால் உருவிவிட்டு
லேப்டாப்பை வண்டியின் பானட்டில் வைக்கிறேன்.
திரை முழுக்க
எஃப் ஒன்பது எஃப் ஒன்பது எஃப் ஒன்பது.

மோடத்துக்குப் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி.
முன்பெல்லாம் தகவல் ஓடும்போது நடுவே புகுந்து
சிக்னல் எப்படி என்று கேட்க முடியாது.
கேட்டே ஆக வேண்டுமென்றால்
ஒரு விநாடி மௌனம்,
மூன்று கூட்டல் குறி,
மறுபடி ஒரு விநாடி மௌனம்.
துக்கம் விசாரிப்பதுபோல.

போன இலையுதிர் காலத்தில்தான்
அறுக்காமலே கம்பியை நாலாக வகுந்தேன்.
பூஜ்யத்தில் நிர்வாகம்.
ஒன்றில் பனியின் தடிமன்.
இரண்டில் கேள்வியும் பதிலும்.
மூன்றில் செயற்கைக்கோள் சொல்லும் மணி.
ஒவ்வொரு பேச்சும் ஓர் உறைக்குள்,
இரண்டு முனையிலும் எஃப் ஒன்பது என்று தாழ்.
மேலே முகவரி, நீளம். கடைசியில் ஒரு சாட்சி எண்.
அந்தச் சாட்சி முகவரிக்கு மட்டும்தான்.
உள்ளே இருக்கும் கடிதத்துக்கு
யாரும் பொறுப்பில்லை.

போனில் வம்போலா,
தீவுப் பக்கம் தடுப்புக் கம்பத்தைத் தூக்குகிறவன்:
"கடைசியா வந்தது இருபது சென்டி, ஐலி.
எழவே மாட்டேங்குது.
மீன் லாரி வந்து நிக்குது.
சாவியைத் தபால்லயே அனுப்பிட்டா.
கால் மேலேயே படுத்துக்கிடக்கு.
வக்கீல் செவ்வாய்க்கிழமைங்கிறான்."

முகவரி எழுதாத உறைகள்.
நான்தான் பிரித்து அடுக்குகிறேன்:
இது சாலை. இது நாய். இது விவாகரத்து.

என் ஊகம் இது:
தொலைவுக் கோபுரத்தைக் கூப்பிட
மோடம் ஒரு கணம் இரண்டு ஆம்பியர் இழுத்திருக்கும்,
குளிரில் விறைத்த பேட்டரியால் தாங்க முடியவில்லை.
செத்துப் பிழைத்தது.
பிழைத்தபோது நாலு சேனலும் ஞாபகத்தில் இல்லை.
போர்டுக்கோ அது செத்ததே தெரியாது,
உறை போட்டு உறை போட்டு நீட்டிக்கொண்டே இருக்கிறது.
செவிடன் காதில் சங்கு என்று சொல்லிவிடலாம்.
ஆனால் இது செவிடில்லை,
ஒவ்வோர் எழுத்தும் அதற்குக் கேட்கிறது.
உறையைக் கிழிக்கத்தான் தெரியவில்லை.

போர்டை வாய்மூட வைத்துவிட்டு,
உறையில்லாமல், வெறுமனே, ஏ.டி. என்று அடிக்கிறேன்.
ஓகே.
என் மூச்சு திரையில் பட்டுப் பனியாகிறது,
கட்டைவிரலால் சுரண்டிப் படிக்கிறேன்.
மறுபடி வகுக்கும் கட்டளை.
ஓகே.
பூஜ்யத்தைத் தட்டினேன், திறந்தது.
ஒன்று திறந்தது. இரண்டும்.
மூன்று மட்டும் திறக்கவில்லை.
போகட்டும், மணி என் கையில் கட்டியிருக்கிறது.

ஊர் திரும்பியதும் நிரலில் நாலு வரி சேர்க்க வேண்டும்:
மூன்று முறை கூப்பிட்டும் பதில் வராவிட்டால்
எதிரில் இருப்பது பழைய ஆளில்லை என்று வைத்துக்கொள்.
பெயர் சொல்வதிலிருந்து தொடங்கு.

ஒன்றாம் சேனலில் எண் வருகிறது. இருபத்தொன்று.
இருபத்திரண்டு இருந்தால்தான் வண்டி விடலாம்.
"ஒரு சென்டிதானே" என்கிறான் வம்போலா.
அவன் பின்னால் லாரி ஹார்ன் அடிக்கிறது,
நாய் ஒரு தரம் குரைக்கிறது.
"தூக்காதே."

போனில் கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
பிறகு,
"சரி. சாவியை நானே வெச்சுக்கறேன்."

எந்தச் சேனல் என்று நான் கேட்கவில்லை.
விரல் மரத்துப் போயிருக்கிறது.
மூன்றாவதை
இன்னொரு தரம் தட்டுகிறேன்.